ஸ்விஃப்ட்டுக்குப் பழைய பாடி பேனல்: வாங்கும் முன் பொருத்தம் பார்ப்பது

பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் போய் "ஸ்விஃப்ட் ஃபென்டர்" (முன் சக்கரத்துக்கு மேல் வரும் பக்கத் தகடு) என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த மாருதி ஸ்விஃப்ட் என்பதுதான் முதல் கேள்வி. இந்தியாவில் 2005, 2011, 2018, 2024 என நான்கு தலைமுறை வந்திருக்கிறது. முதல் இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம், 2390 மி.மீ.யிலிருந்து 2430 ஆகிவிட்டது; கதவோ ஃபென்டரோ ஒன்றுக்கொன்று சேராது. 2011 மாடலுக்கு 2014-ல் முகம் மாற்றியபோது முன் பம்பரும் கிரில்லும் மாறின, பானெட்டும் கதவும் மாறவில்லை. ஆர்.சி.யில் பதிவுத் தேதியைப் பார்க்காமல் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். மாடல் மாறிய சமயத்தில் இரண்டுக்கும் இடைவெளி இருக்கலாம்.

தலைமுறை சரி என்றாலும் வேரியன்ட் காலை வாரும். ஃபென்டரில் இண்டிகேட்டர் ஓட்டை உண்டா, இல்லையா? பம்பரில் ஃபாக் லேம்ப் இடம், சென்சார் ஓட்டைகள்? டிக்கி கதவில் வைப்பர், டீஃபாகர் (கண்ணாடியில் படியும் பனியை நீக்குவது) வயர்? முன் கதவில் கைப்பிடி பட்டன், வயரிங் கனெக்டர்? இல்லாத ஓட்டையைப் போட்டுக்கொள்ளலாம். இருக்கும் ஓட்டையை வெல்டு வைத்து அடைப்பது வீண் செலவு, அந்த இடத்தில்தான் பிறகு துருவும் பிடிக்கும்.

முடிந்தால் கழற்றிய பழைய பேனலையே கடைக்குக் கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து போல்ட் ஓட்டை ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். தூக்கிப் போக முடியாவிட்டால், ஹின்ஜ் ஓட்டைகளையும் ஓரங்களையும் அட்டையில் வரைந்து வெட்டி எடுத்துப் போகலாம். வட்ட ஓட்டை நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் அது இடி வாங்கிய வண்டியின் பேனல், அல்லது யாரோ வலுக்கட்டாயமாகப் பொருத்தியது. பானெட்டில் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் முறுக்கிக்கொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

அடுத்தது பட்டி, அதாவது சொட்டையை நிரப்பப் பூசும் பசை. பெயின்ட் தடிமன் அளக்கும் கோட்டிங் கேஜ் இருந்தால் கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் காட்டும். 300-ஐத் தாண்டினால் கீழே பட்டி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். கேஜ் இல்லையென்றால் மெல்லிய துணி சுற்றிய சின்ன காந்தம் போதும். பிடி தளரும் இடத்தில் பட்டி. கதவின் கீழ் விளிம்பில், வெளித்தகடு உள்தகட்டின் மேல் மடிந்திருக்கும் இடத்தை விரலால் தடவுங்கள். பெயின்ட் உப்பியிருந்தால் துரு உள்ளிருந்து வருகிறது. தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைத்திருந்தாலும் அதே கதைதான். பழைய ஒரிஜினல் என்ற பெயரில் டூப்ளிகேட்டும் கலந்து விற்கிறார்கள்: தகடு மெல்லிசு, ஓரம் கூர்மை, ஓட்டைகள் இடம் தவறியிருக்கும். லேசான சொட்டை விழுந்த ஒரிஜினல், பளபளக்கும் டூப்ளிகேட்டைவிட நூறு மடங்கு மேல்.

பெயின்ட் அடிக்கும் முன் வண்டியில் மாட்டிப் பார்த்தே ஆக வேண்டும். சேராவிட்டால் திருப்பித் தரலாம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய வண்டியின் பதிவு எண்ணும் அதில் இருக்கட்டும், திருட்டு வண்டிப் பொருள் கைக்கு வராமல் இருக்க அது உதவும்.

மாட்டும் வரிசை முக்கியம். அசையாத பின் குவார்ட்டரிலிருந்து (பின் சக்கரத்தைச் சுற்றியுள்ள பக்கத் தகடு) தொடங்கி பின் கதவு, முன் கதவு, ஃபென்டர், பானெட், கடைசியில் பம்பர். முன்னாலிருந்து தொடங்கினால் பிழையெல்லாம் கதவு இடுக்கில் வந்து நிற்கும். பேனலுக்குப் பேனல் இடைவெளி 3 முதல் 5 மி.மீ., மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக. எவ்வளவு நகர்த்தியும் ஒரு முனை அகலமாகவே நின்றால் பேனலைக் குறை சொல்லாதீர்கள். ஃபென்டருக்கு உள்ளே இருக்கும் ஏப்ரான் தகடும், ரேடியேட்டரைத் தாங்கும் முன் சட்டமான ரேடியேட்டர் சப்போர்ட்டும் மடங்கியிருக்கலாம். இரண்டு பக்க ஸ்ட்ரட் டவர்களிலிருந்தும் (முன் சஸ்பென்ஷனின் மேல்முனை பொருந்தும் மேடுகள்) எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்து, வித்தியாசம் இருந்தால் முதலில் அதை இழுத்து நேராக்குங்கள்.

பொருத்தம் சரியானதும் ஹின்ஜைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக் கழற்றுங்கள். உள்பக்கமும் மடிப்பும் பெயின்ட் ஆனபின் அதே அளவுக்குத் திரும்ப மாட்ட அந்தக் கோடுதான் வழி. கோடு பெயின்ட்டில் மறையாமல் இருக்க, வண்டிப் பக்கத் தூணில் போடுங்கள்.