ஓஸ்தியாவிலிருந்து ரோமுக்கு: புனித மோனிக்காவின் கல்லறையைத் தேடி

ரோம் நகரின் பிரமிடே மெட்ரோ நிலையத்தை ஒட்டியே போர்த்தா சான் பாவ்லோ ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கடற்கரைப் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் ஓஸ்தியா ஆன்டிகா வந்துவிடும். இறங்கி, நெடுஞ்சாலைக்கு மேலே கட்டிய நடைபாலத்தைக் கடந்ததும் பெரும்பாலோர் பழைய ரோமானியத் துறைமுக நகரின் இடிபாடுகளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நான் முதலில் கோட்டையை ஒட்டிய சிற்றூருக்குள் திரும்பினேன். அங்கே புனித அவுரேயாவின் ஆலயம் இருக்கிறது. கி.பி. 387-இல் புனித மோனிக்கா இறந்ததும் அடக்கம் செய்யப்பட்டதும் இந்த ஓஸ்தியாவில்தான்.

நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் மோனிக்கம்மாள் என்று ஒரு பாட்டியோ பெரியம்மாவோ இருந்திருப்பார்கள். வழிதவறிய மகனுக்காக ஆண்டுக்கணக்கில் அழுது செபித்த தாய் என்றே மறையுரைகளில் கேட்டு வளர்ந்தோம். அந்தக் கண்ணீர் பெரிதுதான். ஆனால் அவருடைய மகன் அகுஸ்தினார் தம் சுயசரிதையில் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது, அவரிடம் இன்னொரு வலிமையும் எனக்குத் தெரிகிறது. உயிருக்குயிராகப் பற்றிக்கொண்டிருந்ததைக்கூட, விட வேண்டிய நேரம் வந்தபோது முணுமுணுப்பில்லாமல் விட்டவர் அவர். அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பயணம் போனேன்.

ஆலயம் சிறியது. உள்ளே ஒரு பளிங்குக் கல்லின் உடைந்த துண்டு இருக்கிறது. 1945-இல் ஆலயத்துக்கு அருகே கம்பம் நடுவதற்காகக் குழி தோண்டிய சிறுவர்கள் கண்டெடுத்தது. மோனிக்காவின் கல்லறைக்காக எழுதப்பட்ட இலத்தீன் கவிதை வரிகள் பழைய கையெழுத்துப் படிகள் வழியாக ஏற்கெனவே தெரிந்திருந்தன. அதே வரிகள் வெட்டிய கல்லே மண்ணுக்குள்ளிருந்து வந்துவிட்டது. கிட்டே போய் நின்று பார்த்தேன். வரிகள் பாதியில் முறிந்து நிற்கின்றன. ‘அகுஸ்தினே, உன் தாய் தன் சாம்பலை இங்கே வைத்தாள்’ என்ற பொருள்பட அந்தக் கவிதை தொடங்குகிறது. கைகூப்பி நின்றேன்.

மோனிக்கா பிறந்தது வட ஆப்பிரிக்காவில். தகாஸ்தே என்ற அந்த ஊர் இன்றைய அல்ஜீரியாவின் சூக் அக்ராஸ். கணவர் பத்ரிசியுஸ் கிறிஸ்தவர் அல்லர், முன்கோபி, மனைவிக்கு உண்மையாகவும் இருக்கவில்லை. சாவதற்குச் சிறிது முன்புதான் திருமுழுக்குப் பெற்றார். மகனோ, ஒளிக்கும் இருளுக்கும் இடையேயான போராட்டமே உலகம் என்று போதித்த மானிக்கேயர் என்ற சமயக் குழுவோடு சேர்ந்துகொண்டான். கார்த்தேஜ் துறைமுகத்தில் தாயிடம் பொய் சொல்லி, புனித சிப்பிரியானின் நினைவிடத்தில் அவர் இரவெல்லாம் செபித்துக்கொண்டிருக்க, இத்தாலிக்குக் கப்பலேறிவிட்டான். விடிந்ததும் கரையில் நின்று கதறிய அந்தத் தாய், பின்னால் தாமும் கடல் கடந்து மிலானுக்கே வந்து சேர்ந்தார்.

மிலானில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை யாரும் மறையுரையில் சொல்லிக் கேட்டதில்லை. ஆப்பிரிக்கத் திருச்சபையில், மறைசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் ரொட்டியும் திராட்சை இரசமும் கொண்டுபோய்ப் படைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இருந்தது. மோனிக்காவும் கூடையோடு போவார். இரசம் ஒரே ஒரு சிறு கிண்ணம்தான். அதிலும் தண்ணீர் கலந்திருக்கும். எத்தனை கல்லறைகளுக்குப் போனாலும் அதையே சுமந்துபோய் எல்லாரோடும் ஒவ்வொரு வாயாகப் பகிர்வார். மிலானிலும் அப்படியே கூடையோடு போனபோது வாயில்காவலர் தடுத்துவிட்டார். குடிகாரர்களுக்கு அது சாக்காகிவிடுகிறது, மற்றச் சமயத்தவர் மூதாதையருக்குச் செய்யும் படையல் போலவும் இருக்கிறது என்று ஆயர் அம்புரோசியார் தடை செய்திருந்தார். பிறந்ததிலிருந்து பழகிய பக்தி முறை! ஆனாலும் மோனிக்கா எதிர்த்துப் பேசவில்லை. அன்றோடு கூடையை விட்டார். இருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, செபங்களால் நிறைந்த நெஞ்சோடு கல்லறைகளுக்குப் போகப் பழகிக்கொண்டார் என்று எழுதுகிறார் மகன். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவ்வளவு எளிதில் விட்டிருக்கமாட்டார் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அந்த ஒரு வரிக்காகவே அகுஸ்தினாரை எனக்குப் பிடிக்கும். தாயைப் பளிங்குச் சிலையாக்கிவிடாமல், அம்புரோசியார் மீது தனி மதிப்பு வைத்திருந்த ஒரு பெண்ணாகவே காட்டுகிறார்.

387-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா இரவில் அதே அம்புரோசியார் கையால் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார். பின் எல்லாரும் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பப் புறப்பட்டு, கப்பலுக்காக ஓஸ்தியாவில் தங்கினார்கள். இடிபாடுகளுக்குள் நடந்தபோது என் கண் வீடுகளையே தேடியது. இங்கே ஏதோ ஒரு வீட்டில், தோட்டத்தைப் பார்த்த சன்னலில் சாய்ந்துகொண்டு, தாயும் மகனும் நிலைவாழ்வைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். பேச்சு உயர்ந்து உயர்ந்து, ஒரு கணம் இறைஞானத்தையே தொட்டுவிட்டதாக அவர் எழுதுகிறார். கல் பாவிய நெடுந்தெருவின் இருபுறமும் செங்கல் சுவர்கள், கடைகளின் வாசற்படிகள், கூரையில்லாத அறைகள். எந்தச் சன்னலையும் இதுதான் என்று காட்ட முடியாது. அந்தப் பகுதியை ஒரு சுவரடியில் உட்கார்ந்து தமிழிலேயே மெல்ல வாசித்தேன்.

சில நாள்களில் மோனிக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. தம் ஊரில், கணவருடைய கல்லறைக்குப் பக்கத்தில் தமக்கென்று ஓர் இடத்தை ஆசையோடு ஏற்பாடு செய்து வைத்திருந்தவர் அவர். இன்னொரு மகன் நவிஜியுஸ், சொந்த ஊரில் இறந்தால் நல்லது என்று சொன்னபோது, அவனை வருத்தத்தோடு பார்த்துவிட்டு, “இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எங்கே இருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும்” என்றார். இவ்வளவு தொலைவில் உடலை விட்டுப்போகப் பயமில்லையா என்று நண்பர்கள் கேட்டதற்கு, “கடவுளுக்கு எதுவும் தொலைவில்லை” என்று பதில் சொல்லியிருந்தார். ஒன்பதாம் நாள் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 56, அகுஸ்தினாருக்கு 33. பேரன் அதேயோதாத்துஸ் வாய்விட்டு அலறினான். நண்பர் எவோதியுஸ் திருப்பாடலைத் தொடங்க, வீடே சேர்ந்து பாடியது. அகுஸ்தினார் அன்று அழவில்லை. துயரம் கரையும் என்று குளித்துப் பார்த்தார், கரையவில்லை. தூங்கி எழுந்து, அம்புரோசியார் இயற்றிய பாடல் ஒன்று நினைவுக்கு வந்தபிறகுதான் தனிமையில் அழுதார்.

மோனிக்காவின் எலும்புகள் 1430-இல், திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் காலத்தில், ரோமுக்குக் கொண்டுவரப்பட்டன. நவோனா சதுக்கத்துக்கு அருகிலுள்ள புனித அகுஸ்தினார் ஆலயத்தில் இப்போது இருக்கின்றன. மாலையில் அங்கே போனேன். வாசலருகே சான்சோவினோ செதுக்கிய பிரசவ மாதா சிலையைச் சுற்றி இளஞ்சிவப்பு, நீல ரிப்பன்கள், நன்றிக் காணிக்கைகள். கரவாஜ்ஜியோ வரைந்த லொரேத்தோ மாதா படத்தில், முழந்தாளிட்ட பயணியின் அழுக்கேறிய பாதம் நம் முகத்துக்கு நேரே இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டோடு திரும்பிவிடுகிறார்கள். முதன்மைப் பீடத்துக்கு இடப்புறம் போனால் மோனிக்காவின் சிற்றாலயம். பீடத்தின் கீழே அவருடைய எலும்புகள். பக்கச் சுவரில், பழைய கல்லறைக்காகச் செதுக்கிய அவர் படுத்திருக்கும் உருவம். என் பிள்ளைகளுக்காகச் செபித்தேன். வேறெதுவும் அங்கே கேட்கத் தோன்றவில்லை.

தாயின் பெயரை அகுஸ்தினார் அந்த நூல் முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில்தான் சொல்கிறார். இதை வாசிப்போர் என் பெற்றோரான மோனிக்காவையும் பத்ரிசியுசையும் உமது பீடத்தில் நினைத்துக்கொள்ளட்டும் என்று கடவுளிடம் வேண்டும் இடம் அது. ஓஸ்தியாவில் மோனிக்கா கேட்டது அது ஒன்றுதானே. எனவே ஊருக்குத் திரும்பியதும் பங்கு ஆலயத்தில் திருப்பலிக் கருத்துக்குப் பெயர் கொடுத்தேன். ஆகஸ்ட் 27, அவருடைய திருநாள் காலைத் திருப்பலிக்கு: மோனிக்கா, பத்ரிசியுஸ், அவர்களுக்குக் கீழே என் அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர்.