கேஜ் கிளாஸும் கேமரூன் வண்டும்

தண்ணீர் குறைந்தால் பாய்லர் தானாக நின்றுவிடும். ஆலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். போன மாதம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி, "அப்போ அதுக்கும் உயிர்மேல ஆசை இருக்குண்ணே, தன்னைத்தானே காப்பாத்திக்குதே" என்றான். செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கைப்பேசியில் நிறையப் பார்க்கிறவன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இயந்திரம் ஒருநாள் தன் நலனுக்காகத் தானே முடிவெடுக்குமா என்று உண்மையாகவே கேட்டான். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை.

எங்களுடையது மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலை. பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்துத்தான் நீராவி எடுக்கிறோம், அந்த ஆவியில்தான் குலைகள் வேகின்றன, டர்பைன் சுற்றுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் கையால், கண்ணால். அப்புறம் கம்ப்யூட்டர் திரை வந்தது.

திரை வந்து சில வருடம் கழித்து ஒரு ராத்திரி ஷிப்ட். திரையில் நீர்மட்டம் பாதிக்கு மேல் காட்டுகிறது, அலாரம் எதுவும் இல்லை, தீ நன்றாக எரிகிறது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒரு பழக்கத்தை விடவே கூடாது என்பார்: ஷிப்டுக்கு ஒரு தடவையாவது கேஜ் கிளாஸின், அதாவது பாய்லருக்குள் இருக்கும் நீர்மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயின், அடிக்குழாயைத் திறந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் முழுக்க நிரம்பிய கண்ணாடியும் முழுக்கக் காலியான கண்ணாடியும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். திறந்தேன். தண்ணீர் வரவில்லை, வெறும் ஆவி சீறியது. மட்டத்தை அளக்கும் குழாயிலும், தண்ணீர் குறைந்தால் பாய்லரை நிறுத்த வேண்டிய மிதவை இருக்கிற இடத்திலும் சகதி அடைத்திருந்தது, பிறகுதான் தெரிந்தது. நார் வரும் கன்வேயரையும் காற்றாடிகளையும் நிறுத்தினேன், பம்ப் பக்கம் ஓடியவனை "தண்ணி விடாதே!" என்று கத்தித் தடுத்தேன், காய்ந்து சிவந்த குழாயில் தண்ணீர் பட்டால்தான் பெரிய ஆபத்து. எல்லாம் அடங்கிய பிறகு முட்டி நடுங்கியது. அப்போது மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்த என் மகளின் முகம்தான் கண்ணில் நின்றது.

பாய்லருக்கு ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் தானே அழிந்துபோகும் நிலையிலும் அது நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. தம்பி சொன்ன உயிர் ஆசை, யாரோ பொருத்திய மிதவை சிக்கிக்கொண்டதோடு போய்விட்டது. அந்தக் கட்டடத்தில் இழப்பதற்கு ஏதாவது வைத்திருந்தவர்கள் நாங்கள் மூன்று பேர் மட்டுமே.

தானாகச் சரிசெய்துகொள்ளும் இயந்திரம் புதிதும் கிடையாது. ஜேம்ஸ் வாட் 1788-லேயே நீராவி எஞ்சினுக்குச் சுழலும் குண்டுகள் வைத்த கவர்னரைப் பொருத்தினார், வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து ஆவியைக் குறைக்கும். எங்கள் டர்பைனிலும் ஒரு கவர்னர் இருக்கிறது. அதற்கு அந்த வேகம்தான் பிடிக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

தன் நலனுக்காக வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆலையை விட்டுத் தோட்டத்துக்குள் போக வேண்டும். என் அம்மா அந்தக் காலத்தில் செம்பனைக்குப் பூத்தூள் அடிக்கும் வேலைக்குப் போனவர். ஆண்பூத்தூளை டால்க் மாவோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவில் ஊதிவிட வேண்டும். 1981-ல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், எங்கள் குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில்தான் முதலில். அதோடு அம்மாவின் அந்த வேலை நின்றது, புல் வெட்டும் கூட்டத்துக்கு மாற்றினார்கள். அந்த வண்டுக்கு நம் எண்ணெயைப் பற்றி எந்தக் கவலையும் கிடையாது. ஆண்பூவில்தான் தின்கிறது, அங்கேயே முட்டையிடுகிறது, சோம்பு மாதிரி வரும் வாசனையில் ஏமாந்து பெண்பூவுக்கும் போய்வருகிறது. நாம் குலை வெட்டுவது அதன் ஏமாற்றத்தில் கிடைத்த லாபம். வண்டு பசித்தால் சாகும், அதற்கு வாரிசு வேண்டும். அரிசி மணி அளவுகூட இல்லாத அந்த உயிருக்கு இருப்பது எங்கள் பாய்லருக்கு இல்லை.

இதற்கு எதிராக ஒரு வாதம் இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஸ்டீவ் ஓமொஹுண்ட்ரோ 2008-ல் எழுதினார்: எந்த இலக்கைக் கொடுத்தாலும், போதிய அறிவுள்ள இயந்திரம் தன்னை அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள முனையும். அதே துறை அறிஞர் ஸ்டூவர்ட் ரஸ்ஸல் இதைக் குடிக்கக் காப்பி கொண்டுவரச் சொன்ன இயந்திரத்தை வைத்து விளக்குவார், அணைந்துபோன இயந்திரத்தால் காப்பி கொண்டுவர முடியாதே. சரி, அது ஆபத்துதான், நிச்சயமாகக் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் அங்கேயும் இயந்திரம் காப்பாற்றுவது காப்பியை. அந்தக் காப்பியைக் கேட்டவர் ஒருவர் இருக்கிறார்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். வேறொரு ஆலையில் கொஞ்ச காலம் இருந்தேன். ஷிப்ட் போடுவதற்கு ஒரு மென்பொருள் வாங்கினார்கள், மூன்று மாதத்தில் வயதானவர்களுக்கெல்லாம் ஓவர்டைம் காணாமல் போனது. ஆபீசில் போய்க் கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான் போடுது, நாங்க என்ன செய்ய முடியும்?" சிஸ்டத்துக்கு எங்கள் ஓவர்டைம் வெள்ளியால் ஆகப்போவது என்ன? ஆள் செலவு இவ்வளவுக்குள் நிற்க வேண்டும் என்று யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து எண்ணைப் போட்டிருக்கிறார். இயந்திரம் தானே முடிவெடுத்தது என்று சொன்னதும் அந்த மனிதர் பேச்சிலிருந்து மறைந்துவிடுகிறார், நாங்கள் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நேற்று ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்தத் தம்பியைக் கேஜ் கிளாஸ் முன்னால் நிறுத்தி, அடிக்குழாயை அவனையே திறக்கச் சொன்னேன். "திரையில மட்டம் சரியாத்தாண்ணே இருக்கு" என்றான். "இருக்கட்டும், திற." சர்ரென்று சத்தம் கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். அப்புறம் மெதுவாக எட்டிப் பார்த்தான். தண்ணீர் வந்துகொண்டிருந்தது.