வாதுமை இலை எண்ணிய ஐம்பது நாள்

செப்ரெம்பர் 13 இரவு சின்னம்மாவின் மகள் ஒரு படம் அனுப்பினாள். அவள் இருப்பது கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஹன்ட்ஸ்வில்லில். ரொறன்ரோவிலிருந்து வடக்கே காடும் ஏரியுமாய்ப் போகிற வழியில் உள்ள சின்ன ஊர். ரொறன்ரோவிலிருந்து அல்கொன்குவின் பூங்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் போவார்கள். படத்தில் சதுப்பு ஓரம் ஒரு மேப்பிள் மரம், முழுக்கப் பச்சை, ஒரேயொரு கிளை மட்டும் இரத்தச் சிவப்பு. "அண்ணா, இங்கை தொடங்கிட்டுது" என்று கீழே எழுதியிருந்தாள்.

விடிய எழும்பி, யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் படலையடி நாட்டு வாதுமையின் கீழ் கிடந்த ஒரு சிவப்பு இலையைப் படமெடுத்து அனுப்பினேன். "கோண்டாவிலிலையும் தொடங்கிட்டுது."

"அது இலையுதிர்காலமில்லையண்ணா. உங்கடை மரம் தண்ணியில்லாமல் கொட்டுது."

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த வேலை தொடங்கியது. ஐம்பது நாள், செப்ரெம்பர் 14 முதல் நவம்பர் 2 வரை. அவள் அங்கே வாரம் ஒருக்கால் அதே மேப்பிளைப் படமெடுப்பாள். நான் இங்கே தினமும் வாதுமையின் கீழ் விழுகிற இலையை எண்ணி, மழையையும் வெப்பத்தையும் சேர்த்துக் கொப்பியில் எழுதுவேன்.

முதல் இரண்டு நாளும் கணக்குக் கெட்டது. நான் ஆறு மணிக்குக் கொப்பியோடு போக, முற்றம் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. அம்மம்மா ஐந்தரைக்கே கூட்டிவிடுவா. கூட்டாமல் விடச் சொன்னதற்கு, "விடிஞ்சாப்பிறகும் கூட்டாத முத்தத்திலை மூதேவி குந்தும், உனக்கென்ன விசரே" என்றா. கடைசியில் ஒரு உடன்பாடு: அவ கூட்டிக் குவித்து வைப்பா, குவியலிலிருந்து நான் எண்ணுவேன். அதனால் என் கணக்கில் எப்போதும் நாலைந்து பூவரசிலையும் வந்து கலக்கும். அதைப் பிரித்தெடுக்கிறதே ஒரு காலைப் பொழுதுபோக்காகிவிட்டது.

மூன்றாம் நாள் 61 இலை. அடுத்த நாள் 48. பிறகு 90ஐத் தாண்டிய நாளும் வந்தது. ஆனால் அந்த எண்ணிக்கை நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, காற்றைப் பற்றித்தான் சொன்னது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று ஓங்கி அடித்த இரவுக்கு மறுநாள் குவியல் பெருக்கும், பாதி இலை பச்சையாகவே இருக்கும். ஒரு வாரம் எண்ணிய பிறகுதான் இது மண்டையில் ஏறியது. ஆகவே முறையை மாற்றினேன். கைக்கெட்டுகிற கொப்புகளில் பத்து இலைக்குக் காம்பில் நூல் கட்டி, சின்ன அட்டையில் இலக்கம் போட்டுவிட்டேன். தினமும் காலை ஏழு மணிக்குப் படம். போன் தன்பாட்டுக்கு நிறத்தைக் கூட்டிக் குறைக்கிறது என்று இரண்டாம் நாளே தெரிந்தது. இலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் அந்தத் தொல்லை ஓரளவு அடங்குகிறது.

பத்தில் இரண்டைக் காற்றுக் கொண்டுபோனது. ஒன்றை ஆட்டுக்குட்டி அட்டையோடு தின்றது. மிச்சம் ஏழில் நான் கண்டது: முதலில் நரம்புகளுக்கு இடையில் திட்டுத் திட்டாய் மஞ்சள், பிறகு செம்மஞ்சள், பிறகு சிவப்பு. நரம்பு மட்டும் கொஞ்ச நாள் பச்சையாகவே நிற்கும். மஞ்சள் தட்டியதிலிருந்து விழுகிறவரை ஏழு முதல் ஒன்பது நாள். தெற்குப் பக்கம் வெயில் படுகிற இலைகள்தான் நல்ல சிவப்பு. மதிலோரம் நிழலில் நின்ற இரண்டும் மஞ்சளோடு மண்ணிறமாகி விழுந்துவிட்டன.

மழைமானிக்கு ஒன்றரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலைத் தோளோடு வெட்டி, வெட்டிய வாய்ப்பக்கத்தைத் தலைகீழாய்ப் புனல்போல் செருகினேன். போத்தலின் அடி மேடுபள்ளமாய் இருப்பதால் அளவு பிழைக்கும். அதற்குக் கூழாங்கல் போட்டு, கல் மூடத் தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தில் பூச்சியக் கோடு கீற வேண்டும். புனலும் போத்தலும் ஒரே அகலம் என்றபடியால் அதன்மேல் ஏறுகிற ஒவ்வொரு மில்லிமீற்றரும் அப்படியே ஒரு மில்லிமீற்றர் மழை. வானிலை அவதான நிலையம்போல் காலை 8.30க்குத்தான் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். செப்ரெம்பர் முழுக்க அதில் மழை விழவில்லை. ஆனால் பூச்சியக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. ஆவியாகிறது என்றுதான் நினைத்தேன். ஒரு மத்தியானம் பார்த்தால் காகம் புனலைத் தட்டி விழுத்திவிட்டு உள்ளே அலகு விட்டுக் குடிக்கிறது. கல்லுப் போடுகிற வேலையை நானே அதற்கு மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறேன்.

இதற்கிடையில் கனடாப் பக்கம் கதை வேகமாய் ஓடியது. செப்ரெம்பர் 21 படத்தில் மரத்தின் கால்வாசி சிவப்பு. 28இல் முழு மரமும், அதன் பின்னால் இருந்த சீனி மேப்பிள் காடும் பற்றி எரிகிறதுபோல. ஒக்ரோபர் 5இல் பாதி இலை தரையில். எங்கள் வாதுமை மட்டும் அதே இடத்தில், நாலு சிவப்பு, நாற்பது பச்சை என்று நின்றது. அங்கே காடு முழுக்க ஒரே கட்டளைக்குக் கட்டுப்பட்டதுபோல் நடக்கிறது. இங்கே ஒவ்வொரு மரமும் தன் சொந்த நாட்காட்டியை வைத்திருக்கிறது. பக்கத்து ஒழுங்கையில் நிற்கிற இன்னொரு வாதுமையில் அப்போது ஒரு சிவப்பிலை இல்லை.

அந்தக் கட்டளை எங்கிருந்து வருகிறது என்று பகலின் நீளத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகை. செப்ரெம்பர் கடைசியில் இங்கே பகல் ஒரு நாளைக்கு அரை நிமிடமளவில் குறைகிறது. ஹன்ட்ஸ்வில் 45 பாகைக்கு மேல்; அங்கே நாளுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல். ஆண்டின் நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. அங்கே ஏழு மணித்தியாலத்துக்குக் கிட்ட. அந்தச் சுருக்கத்தை மரம் உணர்ந்ததும் இலைக்காம்பின் அடியில் தக்கைபோல் ஒரு படை வளர்ந்து வழியை அடைக்கத் தொடங்குகிறது. பச்சையத்தை உடைத்து அதிலுள்ள நைதரசனை மரம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சை போக, ஏற்கெனவே இலைக்குள் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, அது புதிதாய்ச் செய்யப்படுவது. வழி அடைபட்டதால் இலையில் தங்கிவிட்ட சீனியைக் கொண்டு மேப்பிள் அந்தோசயனின் என்ற சாயத்தை உண்டாக்குகிறது. நல்ல வெயிலுள்ள பகலும், உறையாத ஆனால் குளிரான இரவும் வந்தால் அந்த ஆண்டு சிவப்பு அமோகம்.

தங்கச்சியின் வீட்டுத் திண்ணையில் அந்தக் கிழமை இரவு 4 பாகை. என் வெப்பமானியில் 27. சோளகம் விழுந்து வாடை பிறக்காத இடைக்காலம், இலை அசையாத புழுக்கம். கிணற்றில் கயிறு இன்னும் ஒரு முழம் கூடக் கேட்டது. சுண்ணக்கல் ஊர், ஆறு கிடையாது. வானம் தருகிறதுதான் கிணற்றில். அந்தக் கோடையின் கடைசியில் மரம் இலையைக் கழற்றுவது செலவைக் குறைக்கத்தான். ஆக, தண்ணியில்லாமல் கொட்டுது என்று அவள் சொன்னது சரி. ஒக்ரோபர் 6இல் அவளுக்கு இதை எழுதித் தோல்வியை ஒப்புக்கொண்டேன். நாங்கள் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய ஆறு பருவத்திலும் இலையுதிர்வுக்கென்று ஒன்றில்லை. ஆவணி புரட்டாசி கார், ஐப்பசி கார்த்திகை கூதிர். இரண்டும் மழையையும் குளிரையும் பேசுகிற பெயர்கள். 'இலையுதிர் காலம்' என்பதைப் புவியியல் புத்தகத்துப் படத்தில் பார்த்ததோடு சரி.

ஆனாலும் சாயத்தைக் கண்ணால் பார்க்காமல் விட மனமில்லை. இலையை நறுக்கி, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் தாள் நாடாவின் நுனியைத் தோய்த்தால் சாயங்கள் வெவ்வேறு உயரத்துக்கு ஏறிப் பிரியும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அடுப்பில் வைக்கக்கூடாது. போத்தலைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் அரை மணித்தியாலம் நிற்க விட்டால் போதும்.

முதல் முயற்சி ஏ4 தாளில். சாறு ஏறவேயில்லை. இரண்டாவதற்கு மையொற்றுத்தாள் தேடிப் பிடித்தேன். மிக அழகாய் நீலமும் ஊதாவும் பிரிந்து மேலே போனது. வாதுமைக்குள் ஊதாவா என்று ஒரு கணம் துள்ளிவிட்டேன். தாளில் நான் எல்லைக்கோடு கீறியது குமிழ்முனைப் பேனையால். பிரிந்தது அதன் மை. பென்சிலால்தான் கீற வேண்டும். மூன்றாவது முறை, ஒரு விஞ்ஞான ரீச்சர் தந்த வடிதாளில், சரி வந்தது. பச்சை இலைச் சாற்றில் ஒரு தடித்த பச்சைப் பட்டை, அதன் மேல் விளிம்பில் மெல்லிய மஞ்சள். பழுத்த இலைச் சாற்றில் மஞ்சள் மட்டும். பச்சை இலைக்குள்ளேயே மஞ்சள் ஒளிந்திருந்ததை எங்கள் குசினி மேசையில் பார்த்தது இந்த ஐம்பது நாளில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் ஒன்று.

சிவப்பைத்தான் பிடிக்க முடியவில்லை. அந்தோசயனின் தண்ணீரில் கரையும், புளி பட்டால் சிவக்கும். சோதனை சரியாய் வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் சங்குப்பூவை அவித்துத் தேசிக்காய் விட்டேன். நீலம் ஊதாவாகி இளஞ்சிவப்பானது. பிறகு வாதுமைச் சிவப்பிலையை அவித்தால் தண்ணீர் வெறும் தேயிலைச் சாயம். இந்த இலையில் தனின் என்ற துவர்ப்புப் பொருள் ஏராளம். அலங்கார மீன் வளர்ப்பவர்கள் தொட்டியில் போடுவதும் அதற்காகத்தான். மண்ணிறம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. தேசிக்காய் விட்டும் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் 'முடிவில்லை' என்று எழுதிவிட்டு விட்டேன்.

ஒக்ரோபர் 11 பின்னேரம் இடி. மழைமானியில் 9 மில்லிமீற்றர். செம்பாட்டு மண் மணத்தது, அவ்வளவுதான், கிணறு அசையவில்லை. 17ஆம் திகதி இரவு பெய்தது மழை: 38. காலையில் இலை எண்ணவில்லை. எல்லாம் தரையோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. அம்மம்மாவும் விளக்குமாற்றைத் தொடவில்லை. பிறகு அவ்வளவையும் அள்ளி வாழைப் பாத்திக்குள் போட்டா. குழை தாழ்த்தி வளர்ந்த தலைமுறை. இலை என்றால் அவவுக்குப் பசளை, நிறம் பார்க்கிற சாமான் இல்லை.

அதற்குப் பிறகுதான், ஒக்ரோபர் 26 என்று கொப்பியில் இருக்கிறது, வாதுமையைப் படமெடுக்கப் போனவன் பின்னால் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரத்தைப் பார்த்துவிட்டேன். கிழக்குக் கொப்பு முழுக்கச் செம்பு நிறம். தொங்கித் துவண்டு, வெயில் ஊடுருவ, தங்கச்சியின் மேப்பிள் படத்தில் கண்ட அதே சிவப்பு. மழை கண்டு விட்ட தளிர். திரும்பி ஒழுங்கையைப் பார்த்தால் வைரவர் கோயில் அரசமரத்தின் நுனிக் கொழுந்தும் செம்பு, வேம்பின் நுனியும் சிவப்பு. ஐம்பது நாளில் நாற்பத்திரண்டு நாள் நான் பழுத்த இலைக்குள் தேடியது இங்கே பிறக்கிற இலையில் இருந்திருக்கிறது. மாந்தளிர் மேனி என்று சொல்லிச் சொல்லிப் பழகிய எங்களுக்கு அது ஒரு நிறத்தின் பெயர் என்பதே மறந்துபோயிற்று.

தளிரைப் பறிக்க அம்மம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தது. "காவோலை விழக் குருத்தோலை சிரிச்ச கதையாய், காய்க்கிற கொப்பிலை கை வையாதை" என்றா. கீழ்க்கொப்பில் நாலு இலைக்கு அனுமதி. அவித்த தண்ணீர் மங்கல் மண்ணிறம்தான், ஆனால் தேசிக்காய் நாலு துளி விழுந்ததும் மெல்ல இளஞ்சிவப்புத் தட்டியது. சங்குப்பூபோல் பளிச்சென்று இல்லை; வெள்ளைக் கோப்பையில் வைத்துப் பக்கத்தில் தேசிக்காய் விடாததையும் வைத்தால்தான் தெரியும். அம்மம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓம், வித்தியாசம் கிடக்கு" என்றா. அவ சொன்னால் நம்பலாம்.

அதே அந்தோசயனின்தான். அங்கே மேப்பிள் சாகப்போகிற இலையில் செய்கிறதை இங்கே மா பிறந்த இலையில் செய்கிறது. பச்சையம் முற்றாத இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்து காக்கிற குடை அது என்பது ஒரு விளக்கம், பூச்சிக்குப் பிடிக்காது என்பது இன்னொன்று. தளிர் இரண்டு கிழமையில் பச்சையாகிவிடும் என்பதால் நவம்பர் 2 வரை தினமும் படமெடுத்தேன். கடைசிப் படத்தில் அடி இலைகள் பச்சை, நுனி மட்டும் சிவப்பு.

தங்கச்சி இதற்கிடையில் தமரக் என்ற மரத்தின் படம் அனுப்பியிருந்தாள். ஊசியிலை மரம், ஆனால் இலையுதிர்க்கும். மேப்பிளெல்லாம் மொட்டையான பிறகு அது மட்டும் பொன் மஞ்சளாய் நின்றது. பிறகு அதுவும் கொட்டிவிட்டதாம்.

நவம்பர் 2 மத்தியானம் மாந்தளிரின் முதல் படத்தை அனுப்பி, இது எந்த மரமென்று சொல்லு என்று கேட்டேன். வழக்கமாய் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். அன்று அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்துப் பத்தரையாகிவிட்டதை நான் மறந்துபோனேன். அங்கே விடியப்புறம் இரண்டு மணி. ஆனால் வேலை முடிந்து வந்து முழிப்பாய்த்தான் இருந்திருக்கிறாள்.

"மேப்பிள்தானே? எங்கை எடுத்தது, ஆரும் அனுப்பினவையோ?"

"படலைக்குப் பின்னாலை" என்று எழுதினேன்.