சாணைக்கற்களை வைப்பதும் சமன் செய்வதும்

மேசையில் பொருத்திச் சாணைக்கல்லைச் சுழற்றும் பெஞ்ச் கிரைண்டர் அதிரத் தொடங்கியதும் பலரும் கல்லைச் சமன் செய்யும் வழியைத்தான் முதலில் தேடுகிறார்கள். என் கணிப்பில் அது வரிசையில் கடைசியாக வரவேண்டிய வேலை. கல் இதுவரை எப்படி வைக்கப்பட்டிருந்தது, அதை இருபுறமும் பிடிக்கும் வட்டத் தகடுகளான ஃபிளாஞ்சுகள் நேராக இருக்கின்றனவா, கல்லின் விளிம்பு ஸ்பிண்டிலை, அதாவது அதைச் சுழற்றும் தண்டைச் சுற்றி உண்மையிலேயே வட்டமாக ஓடுகிறதா என்பவற்றைப் பார்க்காமல் எடையைக் கூட்டிக் குறைப்பதில் பயன் இல்லை.

முதலில் கற்களை வைக்கும் முறையைப் பார்ப்போம். எல்லாக் கற்களையும் ஒரே விதமாக அடுக்கக் கூடாது. எப்படி வைப்பது என்பதைக் கல்லைப் பிணைத்திருக்கும் பொருளே முடிவு செய்கிறது. கல்லின் மேல் அச்சிட்டிருக்கும் குறியீட்டில், உதாரணமாக ‘ஏ 60 கே 8 வி’ என்பதில், ஏ அலுமினியம் ஆக்சைடையும், 60 தேய்க்கும் துகளான மணியின் பருமனையும், கே கடினத்தையும், 8 மணிகளுக்கு இடையிலான நெருக்கத்தையும், கடைசியில் உள்ள வி சூளையில் சுட்ட பீங்கான் பிணைப்பையும் குறிக்கும். அந்த இடத்தில் பி இருந்தால் ரெசின், ஆர் இருந்தால் ரப்பர். பீங்கான் பிணைப்புக் கல் உலர்ந்த இடத்தில் இருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆனால் கண்ணாடியைப் போலச் சிறு அடிக்கும் விரிசல் விடும். ரெசின் கல் அடியை ஓரளவு தாங்கும். ஈரமும் வெப்பமும் வயதும்தான் அதைப் பலவீனப்படுத்துகின்றன. கையில் பிடித்து ஓட்டும் கிரைண்டர்களுக்கான ரெசின் தட்டுகளுக்கு, ஐரோப்பியத் தரநிலை இஎன் 12413 தயாரித்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு மேற்படாத காலவரம்பை வைத்திருக்கிறது. நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் பொறித்திருப்பது அந்தக் காலவரம்பு முடியும் தேதிதான். தட்டு புதிதாகத் தோன்றினாலும் அந்தத் தேதி கடந்துவிட்டால் நான் அதை உடைத்தே குப்பையில் போடுகிறேன். முழுதாகப் போட்டால் வேறு யாராவது எடுத்துப் பொருத்திவிடக்கூடும்.

இருபுறமும் தட்டையான தடிமனான நேர்க் கற்களை விளிம்பின் மேல் நிற்க வைப்பதே சரி. அடியில் இரு சாய்வுப் பலகைகள் சேர்ந்த பள்ளம் இருந்தால் கல் இரண்டு இடங்களில் தாங்கப்பட்டு உருளாமல் நிற்கும். தடுப்புகளுக்கு இடையே கை நுழையும் இடைவெளி வேண்டும். கல்லை வெளியே இழுக்கும்போது பக்கத்துக் கல்லில் மோதுவதுதான் வீட்டு அலமாரிகளில் எளிதில் நேரக்கூடிய சேதம். மெல்லிய ரெசின், ரப்பர் தட்டுகளை இதற்கு நேர்மாறாக, தட்டையான இரும்புத் தகட்டின் மேல் படுக்க வைக்க வேண்டும். நிற்க வைத்தால் வளைந்துபோகும். கிண்ண வடிவக் கற்களைத் தட்டையான பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதானால் இடையே அட்டை கொடுக்கலாம். அதிரும் இயந்திரத்தை ஒட்டியோ, உறைபனி இறங்கும் கொட்டகையிலோ எந்தக் கல்லும் இருக்கக் கூடாது.

அலமாரியிலிருந்து எடுத்த ஒவ்வொரு கல்லையும் பொருத்துவதற்கு முன் தட்டிப் பார்ப்பது கட்டாயம். கல்லின் துளையில் விரலையோ கம்பியையோ நுழைத்துத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடி போன்ற உலோகமல்லாத ஒன்றால், செங்குத்தான நடுக்கோட்டுக்கு இருபுறமும் 45 பாகை தள்ளி, விளிம்பிலிருந்து 25 முதல் 50 மில்லிமீட்டர் உள்ளே மெல்லத் தட்ட வேண்டும். பிறகு கல்லைத் திருப்பி மறுபடியும் தட்ட வேண்டும். நல்ல பீங்கான் பிணைப்புக் கல் தெளிவாக ஒலிக்கும். விரிசல் விட்டது செத்த ஓசை தரும். ஈரமான கல்லும் மந்தமாகவே ஒலிக்கும் என்பதால் சோதனைக்கு முன் அது உலர்ந்திருக்க வேண்டும். ரெசின் கல்லில் இயல்பாகவே ஓசை குறைவு. ஆகவே அதன் நல்ல நிலையை ஓசையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கீழே விழுந்த கல்லைப் பொறுத்தவரை, எவ்வளவு தெளிவாக ஒலித்தாலும் நான் அதைத் திரும்பப் பொருத்துவதில்லை.

இனி சமநிலைக்கு வருவோம். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள கல் நிமிடத்துக்கு 2850 சுற்று ஓடும்போது அதன் விளிம்பின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர். மையத்திலிருந்து 90 மில்லிமீட்டர் தள்ளி ஒரு பக்கத்தில் வெறும் 5 கிராம் கூடுதலாக இருந்தால் அந்த வேகத்தில் அது சுமார் 40 நியூட்டன் விசையாக, அதாவது ஏறக்குறைய 4 கிலோ எடையின் இழுப்பாக மாறி, நொடிக்கு 47 தடவை திசை சுற்றி வந்து பேரிங்கைக் குலுக்குகிறது. அந்த 5 கிராம் கல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதில்லை. துளைக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே போடும் பிளாஸ்டிக் புஷ் தளர்வாக இருந்தால் கல் முழுவதும் ஒருபுறம் நகர்ந்து நிற்கிறது. ஒரு கிலோ எடையுள்ள கல் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே, கணக்கில் அது மேலே சொன்ன 5 கிராமைவிட அதிகக் கோளாறு.

மலிவான கிரைண்டர்களோடு வரும் அழுத்தித் தயாரித்த தகட்டு ஃபிளாஞ்சுகளே பெரும்பாலான அதிர்வுக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். அவை வளைந்திருந்தால் கல் பக்கவாட்டில் ஆடும்; எந்த எடையும் அதைச் சரி செய்யாது. லேத் என்னும் கடைசல் இயந்திரம் இருப்பவர்கள், கல்லின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், இரண்டும் ஒரே அளவில், நடுவே குழிவு விட்டு விளிம்பில் மட்டும் கல்லைத் தொடும்படி ஃபிளாஞ்சுகளைக் கடைந்துகொள்ளலாம். கல்லோடு வரும் காகித வளையங்களைப் பிய்த்தெறியாமல் அவற்றோடேயே பொருத்த வேண்டும். அழுத்தத்தைச் சீராகப் பரப்புவது அவைதான். நட்டை ஃபிளாஞ்ச் வழுக்காத அளவுக்கு முறுக்கினால் போதும். பிறகு காப்பு மூடியைப் போட்டு, பக்கவாட்டில் விலகி நின்று, ஒரு நிமிடமாவது வெறுமனே ஓடவிட்டு, அதன் பின் கல்லைச் சீவும் கருவியான வைர முனை டிரஸ்ஸரால் விளிம்பை வட்டமாக்க வேண்டும். பெஞ்ச் கிரைண்டரில் பல சமயம் வேலை இதோடு முடிந்துவிடும்.

உலோகப் பரப்பைத் தட்டையாகத் தீட்டும் சர்ஃபேஸ் கிரைண்டரில் அப்படி முடியாது. அங்கே சிறு அதிர்வும் தீட்டிய பரப்பில் வரிவரியாகத் தெரியும். கல்லை ஃபிளாஞ்சோடு ஆர்பர் என்னும் தண்டில் ஏற்றி, நீர்மட்டம் பார்த்து வைத்த இரண்டு இணைக் கத்தி விளிம்புகளின் மேல் விட்டால் கனமான பக்கம் உருண்டு கீழே வந்து நிற்கும். நேர் மேலே உள்ள புள்ளியைச் சாக்பீஸால் குறித்து, ஃபிளாஞ்சின் காடியில் ஓடும் மூன்று எடைகளில் ஒன்றை அங்கே நிறுத்தி இறுக்க வேண்டும். மற்ற இரண்டையும் அதிலிருந்து இருபுறமும் சம தொலைவில் வைக்க வேண்டும். குறித்த புள்ளியைப் பக்கவாட்டுக்குத் திருப்பி விட்டதும் அது மேலே எழும்பினால் இரண்டு எடைகளையும் முதல் எடைக்கு அருகே சம அளவில் நகர்த்த வேண்டும். கீழே இறங்கினால் விலக்க வேண்டும். எந்த நிலையில் விட்டாலும் கல் அசையாமல் நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். கல்லை வட்டமாக்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும். முன்னதாகச் செய்தால் டிரஸ்ஸர் சீவி எடுக்கும் பொருளோடு சமநிலையும் போய்விடும்.

சமன் செய்த கல்லை ஃபிளாஞ்சிலிருந்து பிரிக்காமல் சேர்த்தே அலமாரியில் வைப்பதால், அடிக்கடி பயன்படுத்தும் ஒவ்வொரு கல்லுக்கும் தனி ஃபிளாஞ்ச் வாங்குவது வீண் செலவு ஆகாது. சூட்டைத் தணிக்கும் நீர்மமான கூலன்ட் பயன்படுத்துபவர்கள், இயந்திரத்தை நிறுத்துமுன் முதலில் கூலன்டை நிறுத்திவிட்டுக் கல்லைச் சில நிமிடங்கள் வெறுமனே ஓடவிட வேண்டும். நனைந்த கல்லை அப்படியே நிறுத்தினால் நுண்துளைகளில் உள்ள நீர் கீழ்ப்பாதியில் தேங்கி, மறுநாள் காலையில் எடைகளைத் தொடாமலேயே கல் சமநிலை இழந்திருக்கும்.