வாசலில் வந்து கேட்கிற வரி: வெளிநாட்டுக்குச் சுங்குடிப் புடவை விற்ற அனுபவம்

மதுரையில் வீட்டிலிருந்தே சுங்குடிப் புடவையும் துப்பட்டாவும் விற்கிறேன். முதலில் வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்கு, அப்புறம் சென்னை, பெங்களூரு என்று போய், இப்போது ஜெர்மனி, லண்டன், டொராண்டோ, மெல்போர்ன் வரை பார்சல் போகிறது. பார்சல் கட்டி அனுப்புவது பழகிவிட்டது. ஆனால் எந்த நாட்டில், யார், எப்போது, எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பதைப் புரிந்துகொள்வதற்குத்தான் நிறைய உழைக்க வேண்டியிருந்தது. இந்தத் தொழிலில் இறங்க நினைக்கிற பெண்கள் பலர் என்னிடம் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததை மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நம் ஊர்ப் பக்கத்து வேலை பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஜிஎஸ்டி பதிவும், ஏற்றுமதி செய்பவருக்கு அரசு தருகிற ஐஇசி எண்ணும் வேண்டும். ஐஇசிக்குக் கட்டணம் 500 ரூபாய்தான், ஆன்லைனிலேயே வாங்கிவிடலாம். ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். ஆனால் வரி கட்டாமல் அனுப்ப வேண்டுமென்றால் எல்யூடி என்கிற உறுதிக் கடிதத்தை ஆர்எஃப்டி-11 படிவத்தில் கொடுக்க வேண்டும். அது ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும், ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். அது இல்லையென்றால் முதலில் வரியைக் கட்டிவிட்டு, பிறகு திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். சிறு வியாபாரத்தில் அந்தப் பணம் மாதக்கணக்கில் முடங்கினால் அடுத்த கொள்முதலுக்குக் கை கட்டிப்போகும். தபாலில் அனுப்பும்போது போட வேண்டிய ஏற்றுமதிப் பில்லை, அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா தளத்தில் வீட்டிலிருந்தே நிரப்பிவிடலாம். பொருள் எந்த வகை என்று சுங்கத்துக்குக் காட்டுகிற எச்எஸ் எண்ணை மட்டும் சரியாகப் போட வேண்டும். துப்பட்டா, சால்வை வகைக்கு 6214.

சிக்கல் அந்தப் பக்கத்தில்தான். இரண்டு விதமான வரி இருக்கிறது. ஒன்று சுங்க வரி, பொருள் எல்லை தாண்டுவதற்கு. இன்னொன்று விற்பனை வரி, அந்த நாட்டுக்காரர் அந்த நாட்டில் பொருளை வாங்கி அனுபவிப்பதற்கு. வாட், ஜிஎஸ்டி, சேல்ஸ் டாக்ஸ் என்று ஊருக்கு ஒரு பெயர். 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, "இனிமேல் லண்டனுக்கு வரியே கிடையாதாமே" என்று பலர் கேட்டார்கள். அந்த ஒப்பந்தம் குறைப்பது சுங்க வரியை. 20 சதவீத வாட் அப்படியேதான் இருக்கும்.

முன்பு ஐரோப்பாவில் 22 யூரோ வரையிலான சின்னப் பார்சல்களுக்கு வாட் இல்லை. 2021 ஜூலை 1 முதல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரே ஒரு துப்பட்டாவுக்கும் வாட் உண்டு. ஜெர்மனியில் 19 சதவீதம், பிரான்சில் 20, ஹங்கேரியில் 27. 150 யூரோ வரை உள்ள பார்சலுக்கு விற்கும்போதே வாட்டை வாங்கிக் கட்டிவிட ஐஓஎஸ்எஸ் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். பெரிய விற்பனைத் தளத்தின் வழியாக விற்றால் அந்தத் தளமே வசூலித்துக் கட்டிவிடும். நாம் செய்ய வேண்டியது, தளம் தருகிற ஐஓஎஸ்எஸ் எண்ணைப் பார்சலின் மின்னணு விவரத்தில் சேர்ப்பது மட்டும்தான். 'ஐஎம்' என்று தொடங்கி, பிறகு பத்து இலக்கம் வரும்.

அந்த ஒரு எண்தான் எவ்வளவு பெரிய விஷயம்! ஜெர்மனியில் இருக்கிற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மகளின் விழாவுக்கு என்னிடம் புடவை வாங்கினார். தளத்தில் வாட்டையும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருந்தார். இங்கே பதிவு செய்த கூரியர் கவுன்ட்டரில் நான் எழுதிக் கொடுத்த எண்ணை பார்சலின் மேலே ஒட்டிவிட்டு, கணினியில் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். அங்கே சுங்கம் பார்ப்பது கணினியில் வருகிற விவரத்தைத்தான், மேலே ஒட்டிய தாளை இல்லை. அதனால் மறுபடியும் வாட், அதற்கு மேல் கையாளும் கட்டணம். அவர் குரல் செய்தி அனுப்பினார்: "தங்கச்சி, நான் வரியும் சேத்துத்தானே காசு கட்டினனான், பிறகு ஏன் இவை வாசல்ல வந்து திரும்பவும் கேக்கினம்?"

அவர் கேட்டது முழுக்க நியாயம். அன்றைக்கே கூரியரின் பதிவு ரசீது, தளத்தின் ஆர்டர் பக்கம், அவர் கட்டிய இரண்டாவது ரசீது மூன்றையும் சேர்த்துத் தளத்துக்கு அனுப்பினேன். தளம் முதலில் வசூலித்த வாட்டை அவருக்குத் திருப்பிக் கொடுத்தது. கையாளும் கட்டணத்தை யாரும் தரவில்லை. அதை நான் கொடுத்தேன். இப்போது பதிவு முடிந்ததும் கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன்பே, கணினித் திரையில் அந்த எண் இருக்கிறதா என்று காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

என் சொந்த இணையதளத்தின் வழியாக ஐரோப்பாவுக்கு விற்க முடியுமா என்றும் விசாரித்தேன். முடியும். ஆனால் நம்மைப்போல வெளியில் இருப்பவர்கள் ஐஓஎஸ்எஸ்ஸில் சேர ஐரோப்பாவுக்குள்ளேயே ஓர் இடையாளரை வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு ஆண்டுக் கட்டணம் கொடுக்க வேண்டும், மாதம் ஒரு கணக்குத் தாக்கல் உண்டு. என் அளவு வியாபாரத்துக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகவில்லை.

பிரிட்டனில் 2021 ஜனவரி 1-லிருந்தே இதே முறை. 135 பவுண்டு வரை உள்ள பார்சலுக்கு விற்பவரே வாட் வாங்கிக் கட்ட வேண்டும். புடவை 30 பவுண்டு, அனுப்பும் செலவு 12 பவுண்டு என்றால், வாட் மொத்தம் 42 பவுண்டுக்கும் சேர்த்து, அதாவது 8 பவுண்டு 40 பென்ஸ். தளத்தில் விற்றால் அவர்கள் பொறுப்பு. சொந்த இணையதளத்தில் ஒரே ஒரு புடவை விற்றாலும் நான் பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சியில் வாட் பதிவு செய்து கணக்குத் தாக்கல் செய்துகொண்டிருக்க வேண்டும். அங்கேயே கடை வைத்திருப்பவருக்கு ஆண்டு விற்பனை 90,000 பவுண்டு வரை பதிவே தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கிற எனக்கு அந்த வரம்பு கிடையாது. பெரிய நிறுவனங்கள் வரி கட்டாமல் மலிவாக விற்று அங்குள்ள கடைகளை அடித்துவிடக்கூடாது என்பதற்காக வந்த விதி இது. அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மாதம் பத்துப் புடவை விற்கிறவரையும் லட்சக்கணக்கில் பார்சல் அனுப்புகிற நிறுவனத்தையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை.

சரியாகச் செய்ய முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவே சாட்சி. 2018 ஜூலை 1 முதல் அங்கே 1,000 டாலர் வரையிலான சின்னப் பார்சலுக்கும் 10 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஆனால் ஆஸ்திரேலியாவுக்கான ஆண்டு விற்பனை 75,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டினால்தான் விற்பவர் பதிவு செய்ய வேண்டும். அதனால் மெல்போர்ன் வாடிக்கையாளருக்கு என் சொந்த இணையதளத்திலிருந்தே நேராக விற்கிறேன். சிங்கப்பூர், மலேசியாவிலும் சின்னப் பார்சலுக்கு வரி வந்துவிட்டது. அங்கேயும் விற்பவருக்குப் பெரிய வரம்பு வைத்திருக்கிறார்கள், என்னைப் போன்றவர்களைத் தொடுவதில்லை.

கனடா வேறு மாதிரி. இந்தியாவிலிருந்து போகிற பார்சலுக்கு 20 கனடிய டாலர் வரைதான் விலக்கு. அதற்கு மேல் போனால் வாங்குபவர் வாசலில் கட்ட வேண்டும். ஒன்டாரியோவில் விற்பனை வரி 13 சதவீதம், தபாலில் வந்தால் கனடா போஸ்ட்டின் கையாளும் கட்டணம் 9.95 டாலர். ஒரு துப்பட்டாவுக்கு வரியைவிட இந்தக் கட்டணம் அதிகமாகிவிடும். அதனால் டொராண்டோவில் இருப்பவர்களிடம், பக்கத்தில் இருக்கிற இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்குங்கள் என்று நானே சொல்கிறேன். சொன்ன பிறகு யாரும் கோபித்துக்கொண்டதில்லை. எவ்வளவு வரும் என்று முன்பே தெரிந்தால் மக்கள் வரியைக் கட்டிவிடுகிறார்கள். எதிர்பாராமல் வாசலில் கேட்கும்போதுதான் பார்சலைத் திருப்பி அனுப்புகிறார்கள், திரும்பி வருகிற செலவு நம் தலையில் விழுகிறது.

"கிஃப்ட்னு போட்டு, விலையைக் குறைச்சு எழுதிடுங்களேன் அக்கா" என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். நான் எழுதுவதில்லை. பரிசு விலக்கு என்பது ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்குப் பணம் வாங்காமல் அனுப்புவதற்கு, பிரிட்டனில் 39 பவுண்டு, ஐரோப்பாவில் 45 யூரோ வரை. நான் விற்கிறேன். என் பில், ஏற்றுமதிப் பில், வங்கியில் வருகிற பணம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். விலையைக் குறைத்து எழுதிவிட்டுப் பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

அமெரிக்கா நீண்ட காலம் எளிதாக இருந்தது. 800 டாலர் வரை சுங்க வரி இல்லை. மாநில விற்பனை வரியைத் தளங்களே வசூலித்துவிடும். 2018-ல் சவுத் டகோட்டா எதிர் வேஃபேர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, தன் எல்லைக்குள் கடையே இல்லாத விற்பனையாளரிடமும் ஒரு மாநிலம் விற்பனை வரி கேட்கலாம் என்று ஆனது. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு ஆண்டு விற்பனை 1,00,000 டாலரைத் தொட வேண்டும். எனக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் 2025 ஆகஸ்ட் 29-ல் அந்த 800 டாலர் விலக்கு எல்லா நாடுகளுக்கும் ரத்தானது. அதற்குச் சில நாள் முன்பே இந்தியா போஸ்ட் அமெரிக்கப் பார்சல்களை எடுப்பதை நிறுத்திவிட்டது. தீபாவளிக்கு ஆர்டர் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் போன் செய்து, பணத்தைத் திருப்பித் தரட்டுமா, காத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். நிறையப் பேர் காத்திருந்தார்கள். அதை என்னால் மறக்க முடியாது. அக்டோபர் 15-ல் சேவை மறுபடியும் தொடங்கியபோது, பொருளின் விலையில் 50 சதவீதத்தைச் சுங்க வரியாக இங்கேயே அஞ்சலகத்தில் முன்கூட்டியே கட்டி அனுப்ப வேண்டியிருந்தது. புடவை விலை ஒன்றரை மடங்கானது. ஆனாலும் அங்கே வாசலில் யாரும் பணம் கேட்கவில்லை.

இப்போது என் இணையதளத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாகச் சில வாக்கியங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன: வரி விலையிலேயே இருக்கிறதா, வாசலில் கட்ட வேண்டுமா, தோராயமாக எவ்வளவு. ஐரோப்பா, பிரிட்டன் என்று தேர்வு செய்தால் விற்பனைத் தளத்தில் இருக்கிற என் கடைக்கு அழைத்துப் போகும். லண்டனில் வாட் பதிவு வைத்திருக்கிற துணிக்கடைக்காரர் ஒருவருக்கு மட்டும் நேராக அனுப்புகிறேன், அவர் தன் வாட் எண்ணைக் கொடுத்துவிடுவார், வரியை அவரே தன் கணக்கில் காட்டிக்கொள்வார்.

அடுத்து, 150 யூரோவுக்குக் குறைந்த பார்சல்களுக்கு 2026 ஜூலை 1 முதல் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 3 யூரோ சுங்க வரி என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025 டிசம்பரில் முடிவெடுத்தது. புடவையும் துப்பட்டாவும் ஒரே பார்சலில் போனால் அவை இரண்டு வகை. ஜெர்மனி, பிரான்ஸ் விலைப் பட்டியலில் அதற்கும் ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன்.