எட்டில் ஏழு

பாறைத் தகைவிலான் என்ற சிறிய பழுப்புப் பறவையின் வாலில் எட்டு வெள்ளைப் புள்ளிகள் உண்டு. பன்னிரண்டு வாலிறகுகளில் நடு இணையும் வெளி இணையும் வெறும் பழுப்பு. மற்ற எட்டிலும் நுனிக்குச் சற்று மேலே ஒவ்வொரு புள்ளி. உட்கார்ந்திருக்கும்போது ஒன்றுகூடக் கண்ணில் படாது. கூட்டை நெருங்கி, வேகத்தை அடக்க வாலை முழுதாக விரிக்கிற அந்தக் கணத்தில்தான் எட்டும் தெரியும். எட்டையும் ஒரே படத்தில் பிடிக்கப் பார்க்கிறேன். இந்த மார்ச்சில் எனக்கு ஏழு கிடைத்துவிட்டன. எட்டாவது இடது இறக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஏழு போதாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். போதாது.

இடம் ஓமானில் இப்ரிக்கு வெளியே, ஹஜர் மலைத்தொடர் தேய்ந்து ரூப் அல் காலி மணலை நோக்கி இறங்குகிற பக்கம். சுண்ணாம்புப் பாறையில் கிழக்கும் சற்றுத் தெற்கும் பார்த்த வாயுள்ள குகை. அதற்கு மேல் சொல்வதாக இல்லை. கூட்டின் இடத்தை வரைபடத்தில் குறித்துப் பரப்பினால், அடுத்த வெள்ளிக்கிழமையே வாதியில், அதாவது வறண்ட ஆற்றுப்படுகையில், வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்.

கூடு குகையின் உட்சுவரில், கூரை முன்னால் துருத்தி நிற்கும் மடிப்புக்கு அடியில் இருக்கிறது. பாதியாக உடைத்த கொட்டாங்குச்சியைச் சுவரில் ஒட்டியதுபோல, முழுக்க மண் உருண்டைகள். அருகே போகாமல் 400 மி.மீ. லென்ஸில் பார்த்தாலே ஒவ்வொரு உருண்டையிலும் அலகு அழுத்திய பள்ளம் தெரிகிறது. கீழ் வரிசைகள் சாம்பல் நிறம், மேல் வரிசைகள் செம்மை. சாம்பல் மண் பேரீச்சந்தோப்பில் ஃபலஜ் என்ற பாசன வாய்க்கால் கசிகிற இடத்திலிருந்து வருகிறது. அங்கே அவை மண் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். செம்மண் எங்கிருந்து என்பதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இனி வில்லங்கத்துக்கு வருகிறேன். கேமராவுக்கும் கூட்டுக்கும் எட்டு மீட்டர். இதைவிட நெருங்கினால் இரையோடு வந்த பறவை உள்ளே நுழையாமல் வாயிலிலேயே வட்டமடிக்கிறது. அப்படி அடித்தால் பையைக் கட்டிக்கொண்டு வெளியேறிவிடுவது என் வழக்கம். ஃப்ளாஷ் என்ற பேச்சே கிடையாது. எட்டு மீட்டரில் 400 மி.மீ. லென்ஸ், அதன் துளையளவு எஃப் 5.6 என்றால், என் கேமராவின் சிறிய சென்சாரில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 9 செ.மீ. பறவையின் நீளமே 12, 13 செ.மீ. இருக்கும். வேகம் குறைந்து நொடிக்கு 3 மீட்டரில் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 20 படம் எடுத்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே 15 செ.மீ. கடந்துவிடுகிறது. முதல் படத்தில் கூர்மைக்கு முன்னால், அடுத்ததில் கூர்மைக்குப் பின்னால். ஃபோகஸைக் கேமராவிடம் விட்டால் அது சுவரைத்தான் பிடிக்கிறது. ஆகவே கையால் ஃபோகஸ் வைத்து, வளையத்தை நாடாவால் ஒட்டிவிடுகிறேன்.

பக்கவாட்டில் உட்கார்ந்தால் பறவை கூர்மைத் தளத்தோடு இணையாகவே பறக்கும், படம் தப்பாது. ஆனால் பக்கவாட்டில் நான்கு புள்ளிகளுக்கு மேல் தெரியாது. எட்டும் வேண்டுமானால் அது பறக்கும் கோட்டின் பின்னாலோ அடியிலோ நான் இருக்க வேண்டும். அங்கேதான் அந்த 9 செ.மீ. கழுத்தை அறுக்கிறது. சாய்வாக, அடியிலிருந்து பார்க்கும் கோணத்தில்தான் ஏழு கிடைத்தன. இன்னும் கொஞ்சம் நடுவுக்கு நகர்ந்தால் எட்டாவது வரும், கூர்மை போகும். துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தால் ஆழம் 13 செ.மீ. ஆகிறது, விலையாக ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்திறன் 6400இலிருந்து 12800 ஆகிறது. ஷட்டரை 1/2000 நொடியைவிட மெதுவாக்க முடியாது, பறவை கலங்கிவிடும். 12800இல் பழுப்பு இறகின் மென்மையெல்லாம் மணலாகிவிடுகிறது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

முன்பதிவு வசதி பற்றி: பொத்தானை அழுத்துவதற்கு அரை நொடி முன்பிருந்தே படங்களைச் சேமிக்கும் இந்த வசதி இல்லையென்றால் ஏழும் இல்லை. ஆனால் அது மின்னணு ஷட்டரில்தான் ஓடும். என் சென்சார் வரிவரியாக மெதுவாகப் படிப்பதால், இறக்கை வீச்சின் நடுவில் வளைந்துபோகிறது. இணையத்தில் இதைச் சொன்னால் 'வேகமாகப் படிக்கும் அடுக்குச் சென்சார் வாங்குங்கள்' என்கிறார்கள். வாங்கலாம், சம்பளத்தை அடுக்கினால்.

வெளிச்சம் தனிக் கதை. காலை வெயில் குகைத் தரையில் விழுந்து, வெளிறிய பாறையில் பட்டு மேலே எழும்பி, வாலின் அடிப்பக்கத்தை ஏற்றுகிறது. செயற்கையாக இதைச் செய்ய முடியாது. கிடைப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சூரியன் நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து உதிப்பதால் அந்த வெயில் திட்டும் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டே போகிறது. ஏப்ரல் நடுவில் கூட்டுக்குக் கீழே நிழல்தான்.

ட்ரைபாட் இங்கே உதவாது. வெயிலுக்கு ஒதுங்கும் ஆடுகள் அதில் உரசிக்கொள்கின்றன. ஆடுகளைத் துரத்தவும் மனமில்லை, அவற்றைச் சுற்றும் ஈக்கள்தான் தகைவிலானுக்கு இரை. இப்ரி கடைத்தெருவில் ஒரு தையல்காரரிடம் பழைய கித்தான் துணியைக் கொடுத்து பை தைத்து வாங்கி, கொண்டைக்கடலை நிரப்பிப் பாறை மேல் வைத்திருக்கிறேன். அரிசி ஈரத்தில் கட்டிவிடும். கடலை நன்றாக அமர்கிறது. இணையத்தில் இதே பையை 'வனவிலங்குப் பை' என்று என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று பார்த்து வயிற்றெரிச்சல்பட்டதுதான் மிச்சம்.

இதற்கிடையே வாதிப் படுகையில் பாலைவன வானம்பாடி ஒன்று கல்லோரத்தில் கூடு வைத்திருக்கிறது. கூட்டின் திறந்த பக்கத்தில் சிறு கற்களை வரிசையாக அடுக்கி அணைகட்டியிருக்கிறது. அதற்கு 400 மி.மீ. சரிப்படாது, சுற்றுப்புறமும் சேர்ந்து விழும்படி அகலமான லென்ஸ் வேண்டும், தூரத்திலிருந்து இயக்கவும் வேண்டும். விடுமுறையில் ஊருக்குப் போனால் செஞ்சிக் கோட்டையில் நம்மூர்க் கரும்பாறைத் தகைவிலானையும் ஒரு கை பார்க்க வேண்டும். அதன் வாலிலும் புள்ளிகள் உண்டு.

தகைவிலான் இணை அதே கூட்டுக்கு மறுபடி இறகு சேர்க்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டாம் முறை முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும்போது வெயில் திட்டு உதவாது, அதனால் எஃப் 8 கனவும் இல்லை. பறவை குறுக்கே வெட்டினால் கேமராவை இயக்கும் அகச்சிவப்புக் கதிர்க் கருவிக்கு மஸ்கட்டில் விலை கேட்டிருக்கிறேன். ஆடு குறுக்கே போனாலும் படம் எடுக்கும் என்கிறார் கடைக்காரர். கதிரை ஆட்டின் கொம்புக்கு மேலே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டேன்.