வேற மாதிரி

"அக்கா, ஒன்னுக்கு வேற மாதிரி போகுது."

அந்தத் தம்பி சொன்னது இவ்வளவுதான். "அது மாத்திரை கலர்தான் தம்பி, பயப்படாதே" என்று ஒரு வார டி.பி. மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

சொன்னது பொய்யில்லை. அந்த மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்தால் முதல் நாளே ஆரஞ்சாகத்தான் போகும். அதைப் பார்த்து மிரண்டு மாத்திரையை நிறுத்திய ஒரு அம்மாவை மறுபடி வரவைக்க வியாசர்பாடிக்கு மூன்று வாரம் நடந்தவள் நான். அந்தப் பதில் எனக்கு நாக்கு நுனியிலேயே இருக்கும்.

ஆனால் அவன் கேட்டது ஆறாவது வாரத்தில். ஆரஞ்சு அவனுக்குப் பழகிப்போன கலர். அதைவிட வேற மாதிரி என்றுதான் சொல்லியிருக்கிறான். நாலு நாள் கழித்து அவன் கண்ணைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வெள்ளைவிழி மஞ்சள் கரைத்த தண்ணீர் போல. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எஸ்.ஜி.பி.டி.; 40-க்குள் இருக்க வேண்டியது 412. வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள், கூடவே என் மாத்திரையையும்.

எல்லாரும் முதலில் கேட்டது "குடிப்பியா?" அவன் டீக்கு மேல் எதையும் தொட்டதில்லை. டோஸும் சரிதான். 47 கிலோவுக்கு தினம் மூன்று மாத்திரை, அதில் ஐசோநயசிட் என்ற டி.பி. மருந்து 225 மில்லிகிராம். அப்புறம் டாக்டர் சொன்னார்: ஐசோநயசிட்டை உடம்பிலிருந்து கழிப்பது கல்லீரலில் உள்ள நாட்2 என்ற நொதி. நம் ஊரில் பாதிப் பேருக்காவது அது மெதுவாகத்தான் ஓடும். அப்போது மருந்தின் மிச்சசொச்சம் தேங்கும். அதை சைப்2இ1 என்ற இன்னொரு நொதி கல்லீரலைத் தாக்கும் நஞ்சாக்கும். அந்தப் பாதிப் பேரிலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. இவனுக்கு அதே மாத்திரையில் உள்ள பைரசினமைடு என்ற இன்னொரு மருந்து செய்த வேலையாகக்கூட இருக்கலாம். நொதியை யாரும் டெஸ்ட் செய்து பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் நொதி மேல் பழியைப் போட்டு நிம்மதியாக இருந்தேன். பிறவியிலேயே வந்ததற்கு நான் என்ன செய்ய? சரி, அந்த நாலு நாள்? 12 மாத்திரை.

அவன் தேறிவிட்டான். மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்து, கோர்ஸையும் முடித்தான்.

போன வாரம் ஒரு பெண் அதே கேள்வியைக் கேட்டாள். டியூப்லைட்டில் சரியாகத் தெரியவில்லை என்று ஜன்னலோரம் கூட்டிப்போய் இமையை இழுத்துப் பார்த்தேன். கண் வெள்ளையாகத்தான் இருந்தது. "எதுக்குக்கா கண்ணைப் பாக்குறீங்க?" என்றாள். குரல் நடுங்கியது. இந்த வார மாத்திரை வாங்க இன்னும் வரவில்லை.